அம்மா மேடைக்கு வரமாட்டார்: நல்லிணக்க நிகழ்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பில் நல்லிணக்க நிகழ்வை ஒழுங்குசெய்யும் குழுவின் தலைவருக்கும், அதில் இருக்கும் மதகுருமாருக்கும், அங்கத்தவர்களுக்கும்,

நீங்கள் அச்சிட்டு ஊரூராகக் கொடுத்த நிகழ்ச்சி நிரலின் இரண்டாம் பக்கத்தில் என் அம்மாவைப் போட்டிருக்கிறீர்கள். பெயரின் முதலெழுத்து, ஊர், வயது. அதற்குக் கீழே இன்னொருவரின் முதலெழுத்து, அதே ஊர், 'அன்றைய முகமூடி மனிதர்' என்று ஒரு குறிப்பு. இருவரும் மேடையில் கைகோர்த்து மங்கள விளக்கேற்றுவார்களாம். அது முடிந்ததும் மூன்று சமூகத்தவரும் சேர்ந்து உறுதிமொழி வாசிப்பார்களாம். பிறகு கலை நிகழ்ச்சி, பகல் சாப்பாடு.

அம்மாவிடம் இதைப்பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மனிதரிடமும் கேட்கவில்லை.

விஷயம் தெரிந்ததும் உங்கள் இணைப்பாளருக்கு போன் எடுத்தேன். "அக்கா, எல்லாம் பிரின்ட் பண்ணி முடிஞ்சுது. அம்மா வந்து சும்மா நிண்டாப் போதும், வேன் அனுப்புறம்" என்றார். கடிதம் எழுதிக் கையில் கொடுத்தேன். பதில் வரவில்லை. அதனால்தான் எல்லோரும் வாசிக்கும்படி எழுத வேண்டியிருக்கிறது. எங்கள் ஊரையும் பெயர்களையும் உங்கள் குழுவின் பெயரையும் இங்கே தவிர்த்திருக்கிறேன். நீங்கள் செய்ததை நானும் செய்யக்கூடாது.

அம்மா சொன்ன கதை உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்றும் சொல்லிவிடுகிறேன். வாய்மொழி வரலாறு சேகரிக்கிறோம் என்று ஒரு தம்பி வந்தார். நல்ல பிள்ளை. அம்மா அவரைப் பேரன் போல இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, மனம்விட்டுப் பேசினார். தம்பி அதை போனில் பதிந்தார். கடைசியில் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார். படிவம் முழுக்க ஆங்கிலம். அம்மா படித்தது ஐந்தாம் வகுப்புவரை, அதுவும் தமிழில்.

அந்தக் கதையில் உங்களுக்குப் பிடித்த பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். மீதியை நான் சொல்கிறேன்.

1990 ஜூனில் படையினருக்கும் புலிகளுக்கும் சண்டை மறுபடி மூண்டதும் வாவிக்குக் கடற்பக்கமான எழுவான்கரைச் சனம் பெருமளவில் முகாம்களுக்குப் போய்விட்டது. வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் பல்லாயிரம் பேர் தஞ்சமடைந்திருந்தார்கள். செப்டம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து 158 பேரைப் படையினர் ஏற்றிக்கொண்டு போனதும், நாலு நாள் கழித்து 9ஆம் திகதி சத்துருக்கொண்டானிலும் பக்கத்து ஊர்களிலும் குழந்தை குட்டியோடு 180க்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டதும் உங்களுக்குத் தெரியும். வருஷா வருஷம் நினைவுகூரப்படுகிற சம்பவங்கள் அவை. நாங்கள் இருந்தது அவ்வளவு பெயர்போன முகாம் அல்ல. ஒரு சின்னப் பள்ளிக்கூடம். அதே மாதம்தான். ஆம்பிளைகளைப் படையினர் வரிசையாக நிற்கவைத்தார்கள். முன்னால் ஒரு கதிரை. கதிரையில் தலையாட்டி, அதாவது முகத்தை மூடி, தலையசைத்து ஆட்களைக் காட்டிக்கொடுக்க இருத்தப்பட்டவர்.

தலையில் யூரியா உரப்பை கவிழ்த்திருந்தது. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. நெற்றிப் பக்கம் 46 என்ற இலக்கம். எனக்கு அப்போது பதினாலு வயது. பார்க்க வேறு எதுவும் இல்லாமல் அந்த இலக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா முன்னால் வந்தபோது பை மேலும் கீழும் ஆடியது.

மறுகா அப்பாவைக் காணவில்லை.

இருபது வருஷத்துக்கு மேலாயிற்று. 2012 மாரியில் ஒரு பின்னேரம், அம்மா முற்றத்தில் நெல் அவித்துக்கொண்டிருந்தார். கடப்படியில் ஒருவர் வந்து நின்றார். எங்கள் ஊரில் சைக்கிள் திருத்துகிறவர். என்னைவிட மூன்று வயது மூப்பு. சின்ன வயதிலிருந்தே நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர். "ஏன் மகன் அங்க நிக்காய், உள்ளுக்கு வாவன்" என்றார் அம்மா. அவர் உள்ளே வந்து நிலத்தில் குந்தினார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, அந்தப் பைக்குள் இருந்தது தான்தான் என்றார்.

"எனக்குத் தெரியும் மகன். உன்ட கால அண்டைக்கே கண்டனான்" என்றார் அம்மா. மண்வெட்டி பட்டு நகம் கறுத்த பெருவிரல். இருபத்திரண்டு வருஷமாக அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அவரைப் பதினேழு வயதில் பிடித்து, அடித்து, தம்பியையும் பக்கத்தில் கட்டிவைத்துத்தான் அந்தக் கதிரையில் இருத்தினார்களாம். தலையாட்டாவிட்டால் தம்பி போவான். யாராவது ஐந்து பேர் வேண்டும் என்றார்களாம். அம்மா அதைக் கேட்டுவிட்டுத் தன் கேள்விகளைக் கேட்டார். வாகனம் எந்தப் பக்கம் திரும்பியது? ஏற்றினது ஆர்? மனிசன் சாறனோடு போனாரா, உடுப்பு மாத்தினார்களா? ஏதும் சாப்பிடக் கொடுத்தார்களா? தெரிந்ததையெல்லாம் அவர் சொன்னார். அன்றிரவு அவரையும் அதே இடத்தில்தான் வைத்திருந்தார்கள். வாகனம் போன திசை தெரியும். படையினர் ஒருவரையொருவர் கூப்பிட்ட பெயர்கள் இரண்டு ஞாபகம். விடியப்புறம் வாகனம் வெறுமையாகத் திரும்பி வந்தபோது சில்லெல்லாம் வெள்ளை மணல். எங்கள் பக்கம் களிமண். வெள்ளை மணல் வேண்டுமென்றால் கடற்கரைக்குத்தான் போக வேண்டும்.

எத்தனையோ ஆணைக்குழுக்களுக்கு முன்னால் அம்மா அழுதிருக்கிறார். இந்த வெள்ளை மணலை ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. முதல்முதல் ஒரு உண்மையைக் கொண்டுவந்து கொடுத்தவர் இவர்தான்.

அம்மா அவரிடம் மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. "இருட்டுப்பட்டுப் போச்சு, சோறு திண்டுட்டுப் போ" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு வருஷா வருஷம் வேளாண்மை வெட்டி முடிந்ததும் புதுநெல் அரிசியில் ஒரு கொத்து அவர் வீட்டுக்குப் போகும். அவர் பெண்சாதி மீன் குழம்பு கொடுத்து அனுப்புவார். இதுதான் உங்கள் நிரலில் 'மன்னிப்பின் சாட்சி' என்று தலைப்புப் பெற்றிருக்கிறது.

இனி, அந்தத் துண்டுப்பிரசுரத்தால் நடந்ததைக் கேளுங்கள். அன்று அப்பாவோடு இன்னும் நாலு பேரை ஏற்றினார்கள். அந்த நாலு வீடும் எங்கள் ஒழுங்கையிலும் அடுத்த ஒழுங்கையிலும்தான் இருக்கின்றன. கதிரையில் இருந்தது யார் என்று அதுவரை அவர்களுக்குத் தெரியாது. முதலெழுத்து, ஊர், வயது என்று போட்டால் எங்கள் ஊரில் அது யார் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். பிரசுரம் வந்த கிழமையே ஒரு பொடியன் போய் அவர் கடையை உடைத்தான். காற்றடிக்கிற மெசினும் சாமான் பெட்டியும் ரோட்டில் கிடந்தன. அந்தப் பொடியனின் பாட்டன் ஏற்றப்பட்ட நாலு பேரில் ஒருவர். அவனை நான் எப்படிக் குற்றம் சொல்ல? கடை இன்றுவரை பூட்டித்தான் இருக்கிறது. அவர் பெண்சாதி வந்து அம்மாவின் மடியில் விழுந்து அழுதார். மூத்த மகளுக்கு ஒரு சம்பந்தம் பேசிவந்தார்கள்; அந்தப் பேச்சும் நின்றுபோய்விட்டது.

அவர் செய்ததற்கு அவர் பதில் சொல்லத்தான் வேண்டும். அந்த நாலு வீட்டாருக்கும் உண்மை போய்ச் சேரத்தான் வேண்டும். அதை அவரே போய்ச் சொல்வதற்கு அம்மாவும் அவரும் நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் வயதான ஒரு தாயிடம், பிறகு மற்றவர்களிடம் என்று. அம்மா கூடப் போவதாக இருந்தது. இனி அந்த வழியும் அடைபட்டுவிட்டது. அந்த வீடுகளுக்குச் செய்தி நோட்டீசில் போய்விட்டது.

என்னைப்பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் 'குடும்பத்தினர் மன்னித்தனர்' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மன்னிக்கவில்லை. அம்மா செய்ததை மதிக்கிறேன், தடுத்ததில்லை, புதுநெல் அரிசியை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதே நான்தான். என் சைக்கிளுக்குக் காற்றுப் போனாலும் அவரிடம்தான் ஒட்டுப் போடுவேன். அவர் காசு வேண்டாம் என்பார். நான் மேசையில் வைத்துவிட்டு வருவேன். எங்கள் இருவருக்கும் இடையில் இருப்பது அந்த மேசைக் காசு. அதை என்ன பெயர் சொல்லி அழைப்பதென்று எனக்கே தெரியாது. உங்கள் குழு அதற்குப் பெயர் வைக்க வேண்டிய அவசியம் இல்லை. கட்டாரில் இருக்கும் என் தம்பி அவர் பெயரைக் கேட்டாலே போனை வைத்துவிடுவான். ஒரே வீட்டுக்குள்ளேயே மூன்று விதம். அம்மா தன் பங்கை விட்டுக்கொடுத்தார். தம்பியின் பங்கையோ அந்த நாலு வீட்டாரின் பங்கையோ விட்டுக்கொடுக்க அவருக்கும் உரிமை இல்லை.

மன்னித்தாலும் மன்னிக்காவிட்டாலும் வாழவேண்டிய வாழ்க்கை ஒன்று இருக்கிறது. அதைப்பற்றி உங்கள் நிரலில் ஒரு வரி இல்லை.

நம்முடைய பக்கத்தில் பெண்பிள்ளைக்குச் சீதனம் என்றால் வீடு. உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு பெண்பிள்ளை என்றால் இரண்டு வீடு. இருந்த வீடு அக்காவுக்கு. எனக்கென்று 1989இல் அப்பா பக்கத்து வளவில் அத்திவாரம் போட்டார். கருங்கல் அடுக்கி, சுற்றிவர இரண்டு அடி உயரத்துக்கு எழுப்பி, மூலையில் மஞ்சள் துணி கட்டினது எனக்கு நல்ல ஞாபகம். அது அந்த இரண்டு அடியோடு நின்றுவிட்டது. அறைகள் பிரித்த இடத்தில் இப்போது புல். மழைக்குத் தண்ணீர் நின்றால் 'உன்ட சாமியறைக்குள்ள தவளை கத்துது' என்று அக்கா பகிடி விடுவார். வந்த சம்பந்தமெல்லாம் அந்த அத்திவாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. நான் கலியாணம் கட்டவில்லை. அதற்காக ஒப்பாரி வைக்கவில்லை. டீச்சர் வேலை இருக்கிறது, அம்மா இருக்கிறார், காலம் போகிறது. ஆனால் அந்தத் தலையசைப்பு எவ்வளவு தூரம் வந்தது என்று அளக்க விரும்புகிறவர்கள் எங்கள் வளவுக்கு வந்து பார்க்கலாம்.

அப்புறம் காணி. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இரண்டு ஏக்கர், அரசாங்க அனுமதிப்பத்திரத்தில் கிடைத்த பெர்மிட் காணி, அப்பாவின் பெயரில். பெயர் மாற்ற மரணச் சான்றிதழ் கேட்கிறார்கள். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் காணாமற்போனவர்களுக்கும் மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்று வந்தது. பலர் எடுத்தார்கள், பிள்ளை குட்டியோடு வேறு வழியில்லை. அம்மா எடுக்கவில்லை. பொட்டோடுதான் இருக்கிறார். செத்ததைக் காட்டினால் எடுக்கிறேன் என்கிறார். 2016இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மரணத்தை ஒப்புக்கொள்ளாமலே அலுவல்களைப் பார்க்கலாம் என்றார்கள். அம்மா சந்தோஷமாக அதை எடுத்தார். ஒரு அலுவலகத்தில் அதை நீட்டியபோது, மேசையில் இருந்தவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, இதோட சேர்த்து மரணச் சான்றிதழையும் கொண்டுவாங்க" என்றார். சிரிப்பதா அழுவதா? காணி இன்றுவரை அப்பாவின் பெயரில். உரமானியம் எங்கள் கைக்கு வராது; வங்கிக் கடன் எடுக்கவும் வழியில்லை. குத்தகைக்குக் கொடுத்துக் கிடைப்பதை எடுக்கிறோம். தம்பி ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டுக் கூலிக்கு வேளாண்மை வெட்டப் போனான், பிறகு கட்டார். அவன் பிள்ளைகள் தகப்பனை வீடியோவில் பார்க்கிறார்கள். அப்பப்பாவைப்போல இவரும் போட்டோவில்தான் இருப்பாரா என்று சின்னவள் ஒருநாள் கேட்டாளாம்.

காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2018இல் வேலையைத் தொடங்கியது. 2022இல் குடும்பங்களுக்கு ஒரு தடவைக் கொடுப்பனவாக ஒரு லட்சம் ரூபா என்றார்கள். பிறகு இரண்டு லட்சம் ஆக்கினார்கள். காசு வேண்டாம், ஆளைச் சொல்லுங்கள் என்று றோட்டில் குந்தியிருக்கும் தாய்மாரை உங்களில் பலர் போய்ப் பார்த்திருக்கிறீர்கள். போய்ப் பார்த்ததற்கு நன்றி. அவர்களிடமே இப்போது 'கடந்ததை மறந்தோம், இனி இதுபற்றிக் கேட்கமாட்டோம்' என்ற உறுதிமொழித் தாளையும் நீட்டுகிறீர்கள்.

நிரலின் மூன்றாம் பக்கத்துக்கு வருகிறேன். காத்தான்குடியில் குடும்பத்தை இழந்த ஒரு உம்மாவும் வீரமுனையில் குடும்பத்தை இழந்த ஒரு அம்மாவும் மரக்கன்று மாற்றிக்கொள்வார்கள் என்று போட்டிருக்கிறது. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு, காத்தான்குடியில் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனியாப் பள்ளிவாசலிலும் தொழுதுகொண்டு நின்ற நூற்றுக்கு மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றவர்கள், எங்கள் பெயரைச் சொல்லி ஆயுதம் தூக்கியவர்கள். மீரா ஜும்ஆப் பள்ளியின் சுவரில் சூடுபட்ட துளைகளைப் பூசாமல் வைத்திருக்கிறார்கள். புலிகள் இயக்கம் கடைசிவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த கிழமை ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். ஏறாவூரில் நடந்த அதே 12ஆம் திகதி அம்பாறைப் பக்கம் வீரமுனையில், சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் வெட்டப்பட்டார்கள். ஊர்காவற் படையினர் மீதும் விசேட அதிரடிப் படையினர் மீதும் குற்றச்சாட்டு இருக்கிறது.

சரி. இதில் அந்த உம்மா வீரமுனை அம்மாவுக்கு என்ன செய்தார்? அந்த அம்மா உம்மாவுக்கு என்ன செய்தார்? ஒருவருக்கொருவர் ஒரு பிழையும் செய்யாத இரண்டு கிழவிகள் ஏன் ஒருவரையொருவர் மன்னிக்க வேண்டும்? சந்தையில் சந்தித்தால் அவர்கள் பேசத்தான் செய்கிறார்கள். மகள் பெற்றெடுத்தால் பிள்ளை பார்க்கப் போகிறார்கள். அவர்களுக்கு உங்கள் மேடை தேவையில்லை. மேடை தேவைப்படுகிறவர்கள் வேறு. சுட்டவர்கள், சுடச் சொன்னவர்கள், ஆயுதம் கொடுத்தவர்கள், தெரிந்தும் பேசாமல் இருந்தவர்கள். அவர்களில் ஒருவரின் பெயரையும் உங்கள் அழைப்பிதழில் காணவில்லை. பிரதம விருந்தினர் வரிசையில் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் அன்று எங்கே இருந்தார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை.

1990 ஜூனில் கிழக்கில் புலிகளிடம் சரணடைந்த பொலிசார் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்களே, அவர்களின் பெண்சாதிமாரும் தென்பகுதியில் எங்கோ கிழவிகளாகத்தான் இருப்பார்கள். அவர்களையும் அழைத்து எங்களோடு கைகோர்க்க வைப்பீர்களா? அவர்களும் எங்களிடம் கேட்க விரும்புவது, ஆளை எங்கே போட்டார்கள் என்பதைத்தான். நாங்கள் கேட்பதும் அதையேதான். குருக்கள்மடத்தில் இறக்கிக் கொல்லப்பட்ட முஸ்லிம் பிரயாணிகளின் குடும்பங்கள் 2014இல் களுவாஞ்சிக்குடி நீதிமன்றம்வரை போனதும், மையித்தை எடுத்து மார்க்கப்படி அடக்கம் செய்ய வேண்டும் என்றுதான்.

மன்னிப்புக் கேட்பது எப்படி என்று நமக்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடித்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள் குண்டுத் தாக்குதலில் செத்தார்கள். தாக்கினவனை மன்னிப்பதாகச் சொன்ன பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களின் விசுவாசம் பெரியது. நான் அதற்கு எட்டாதவள். ஆனால் அவர்கள் மன்னித்தார்கள் என்பதற்காக உயர்நீதிமன்றம் கோப்பை மூடவில்லை. 2023 ஜனவரி 12ஆம் திகதி, முன்கூட்டியே தகவல் இருந்தும் தடுக்கவில்லை என்று முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன சொந்தக் காசில் பத்துக் கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகுதான் அவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். வரிசையைப் பாருங்கள். முதலில் யார் பொறுப்பு என்ற தீர்ப்பு, அடுத்து நட்டஈட்டுக் கட்டளை, அதற்குப் பிறகே மன்னிப்பு.

ஓட்டமாவடியையும் பாருங்கள். கொரோனாக் காலத்தில் முஸ்லிம்களின் மையித்துகளை வலுக்கட்டாயமாக எரித்தார்கள். பிறகு 2021 மார்ச்சில்தான் அடக்க விட்டார்கள், அதுவும் நாடு முழுவதற்கும் ஓட்டமாவடி மஜ்மா நகர் ஒன்றில். 2024 ஜூலையில் அமைச்சரவை அதற்கு மன்னிப்புக் கேட்டது. கேட்டது நல்லதுதான். ஆனால் எரித்தவர்களைத் திருப்பி எடுக்க முடியாது. தூர இடங்களில் இருந்து வாப்பாவின் கபுறைப் பார்க்க வருகிறவர்கள் இன்றும் இரவு பஸ் பிடித்துத்தான் வருகிறார்கள். அவர்களிடம் போய், மன்னிப்புக் கேட்டாயிற்றே, இனி ஏன் வருகிறீர்கள் என்று யாராவது சொல்வார்களா?

தென்னாபிரிக்காவைப்பற்றி உங்கள் கூட்டங்களில் அடிக்கடி பேசுகிறீர்கள். அங்கே பொதுமன்னிப்பு சும்மா கிடைக்கவில்லை. செய்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னால்தான் விண்ணப்பமே எடுபட்டது. ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் விண்ணப்பித்து அதில் சிறு பகுதியினருக்குத்தான் கிடைத்தது. உங்கள் நிரலில் சொல்ல வேண்டியவருக்கு ஒதுக்கியிருப்பது மூன்று நிமிடம், அதுவும் 'உணர்வுப் பகிர்வு'. அவரிடம் இரண்டு பெயர் இருக்கின்றன, ஒரு திசை இருக்கிறது, வெள்ளை மணல் இருக்கிறது. உங்கள் குழுவில் சட்டத்தரணிகளும் இருக்கிறீர்கள். ஒருவராவது அவரிடம், உனக்கு என்ன தெரியும் என்று கேட்டீர்களா? தெரிந்ததை விசாரணையில் சொல்ல அவர் தயாராகத்தான் இருந்தார். அவருக்கு இருந்தது பயம் மட்டும். சாட்சிகளைப் பாதுகாக்க 2015இல் ஒரு சட்டம் வந்தது, 2023இல் அதற்குப் பதில் புதிய சட்டமும் வந்தது. நீங்கள் அந்தச் சட்டங்களைத் தேடிப் போகாமல் அவரை ஊருக்குக் காட்டிக்கொடுத்துவிட்டீர்கள். இன்னொரு தலையாட்டல் என்று எழுதக் கை வருகிறது. உங்கள் நோக்கம் அதுவல்ல என்று தெரிந்ததால் அந்த அளவுக்குப் போகவில்லை.

உங்களில் ஒரு ஐயா, நிகழ்வு வைகாசியில் வருவதால் கண்ணகியம்மன் குளிர்த்திப் பாட்டோடு தொடங்கலாம் என்று யோசனை சொன்னதாக அறிந்தேன். நல்ல யோசனை, ஆனால் கதையை முழுதாக எடுங்கள். புருஷனைக் கொன்ற அரசன் தன் சபையிலேயே பிழையை ஒப்புக்கொண்டான். அதற்குப் பிறகும் அவள் கோபம் அடங்கவில்லை, ஊர் எரிந்தது. அவளைக் குளிரவைக்கத்தான் நாம் வருஷா வருஷம் சடங்கு செய்கிறோம். சென்ற வருஷம் குளிர்த்தி பாடியாயிற்றே, இனி வேண்டாம் என்று எந்தக் கோயிலிலும் பூசை செய்யும் கப்புகனார் சொன்னதில்லை. அடுத்த வைகாசிக்கும் கதவு திறக்கிறது. அம்மாவுக்கும் அப்படித்தான். ஒவ்வொரு செப்டம்பரிலும் அவருக்கு அந்த மனிதர்மேல் கோபம் வரும். நாலைந்து நாள் பேசமாட்டார். பிறகு தானாக ஆறும். முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு காரியத்தை அரை நாள் நிகழ்வில் முடித்து, சான்றிதழும் கொடுத்து அனுப்ப ஏலாது.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை.

அம்மாவையும் அந்த மனிதரையும் நிரலில் இருந்து எடுத்துவிடுங்கள். கொடுத்த பிரசுரங்களைத் திரும்ப எடுக்க முடிந்தவரை எடுங்கள். போனில் பதிந்த அம்மாவின் குரல் எங்கெங்கே போயிருக்கிறது என்று எழுத்தில் சொல்லி, அதை அழியுங்கள். இனி யாரிடம் கையெழுத்து வாங்கினாலும் படிவம் அவர்கள் மொழியில் இருக்கட்டும்; வாசித்துக் காட்டி, ஒரு கிழமை யோசிக்க விட்டு, பிறகு வாங்குங்கள்.

அவர் வீட்டுக்கும் அந்த நாலு வீட்டுக்கும் உங்கள் குழுவின் பெரியவர்கள் நேரில் போக வேண்டும். கமரா வேண்டாம், பதாகை வேண்டாம். உங்களால் நேர்ந்தது இது என்று சொல்லுங்கள். உடைந்த கடைக்குரிய செலவை உங்கள் குழு ஏற்க வேண்டும். கடையை உடைத்த பொடியனைப் பொலிசில் கொடுக்காமல் பேசித் தீர்ப்பதற்கு ஊர்ப் பெரியவர்கள் முயல்கிறார்கள். அதற்குக் குறுக்கே நிற்காதீர்கள்.

உறுதிமொழியில் 'இனி இதுபற்றிக் கேட்கமாட்டோம்' என்ற வரியை எடுங்கள். இது கட்டாயம். அந்த வரி இருக்கும்வரை எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் ஒருவரையும் அனுப்பப்போவதில்லை என்று பேசி முடித்திருக்கிறோம். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் எனக்குத் தெரிந்த ஆசிரியைகளோடு கதைத்தேன். அவர்களின் குடும்பங்களும் அதே நிலைப்பாட்டில்தான் இருக்கின்றன.

மண்டபத்துக்கும் வேனுக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்கிய காசில் ஒரு நடமாடும் சேவை வையுங்கள். பிரதேச செயலகக் காணி உத்தியோகத்தர், பதிவாளர், காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தார், சட்ட உதவி ஆணைக்குழுச் சட்டத்தரணி, எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கட்டும். காணாமற்போனமைக்கான சான்றிதழை வைத்து என்னென்ன செய்யலாம் என்று முதலில் உத்தியோகத்தர்களுக்கே ஒரு வகுப்பு எடுங்கள். பெர்மிட் பெயர் மாற்றம் மரணச் சான்றிதழுக்காக நின்றுபோன குடும்பங்களின் பட்டியல் என்னிடம் இருக்கிறது, தருகிறேன். தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று மூன்று பெயரும் அதில் உண்டு.

தெரிந்ததைச் சொல்ல விரும்புகிறவர்கள் இந்த மாவட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள். முகமூடிக்குள் இருந்தவர்கள், வாகனம் ஓட்டினவர்கள், குழி வெட்டினவர்கள். அவர்களுக்கும் வயது போகிறது. மூடிய அறையில், சாட்சிப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலோடு வாக்குமூலம் கொடுக்க வழிசெய்யும்படி உரிய அதிகாரிகளிடம் உங்கள் குழு எழுத்தில் கேட்க வேண்டும். உங்கள் கையெழுத்துக்கு இருக்கும் மதிப்பு எங்கள் கையெழுத்துக்கு இல்லை.

அப்படியும் மேடை போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், போடுங்கள். முதல் பேச்சு பதில் சொல்ல வேண்டியவர்களுடையதாக இருக்கட்டும். பாதிக்கப்பட்டவர்கள் கீழே கதிரையில் இருந்து கேட்பார்கள். கைதட்டுவதா இல்லையா என்று பிறகு அவர்களே முடிவெடுப்பார்கள்.

இந்த மாத முடிவுக்குள் பதிலை எழுத்தில் தாருங்கள். போனில் வேண்டாம். என் விலாசம் உங்கள் இணைப்பாளரிடம் ஏற்கெனவே இருக்கிறது. பதில் தமிழில் இருக்கட்டும். அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நிரலின் இரண்டாம் பக்கத்தில் இருப்பவரின் இளைய மகள்,
மட்டக்களப்பு